அறுபதுக்கு வந்த இன்ஜின்

பந்தயக் கார்களைச் சோதிக்கும் பணிக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்கள் கையில் தடிமனான விதிப் புத்தகம் ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். எந்த வகுப்புக் காரில் எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது என்று படம் போட்டே விளக்கியிருக்கும். நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதில் ஒவ்வொரு வரியும் ஏன் வந்தது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. நான் பார்த்தவரையில் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு சண்டை இருக்கும். சில வரிகளுக்குப் பின்னால் ஒரு மைத்துனரும் இருப்பார்.

நான் சோதனை அதிகாரியாக நின்ற முதல் பந்தயத்தில் மொத்த விதியே இரண்டு வரிதான். அந்த இரண்டு வரி செய்த வேலையை அதற்குப் பிறகு எந்தப் புத்தகமும் செய்து நான் பார்க்கவில்லை.

எண்பதுகளில் திண்டிவனத்தில் நான் லேத்துப் பட்டறை வைத்திருந்தேன். பந்தயத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்குச் சோறு போட்டது போரிங் வேலை. வண்டி ஓட ஓட இன்ஜினின் சிலிண்டர் தேய்ந்துவிடும். ஆயில் குடிக்கும், பின்னால் புகை விடும், மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும். அப்போது பிளாக்கைக் கழற்றி என்னிடம் கொண்டு வருவார்கள். சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் குடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட்டுத் தருவேன். முதல் தடவை இருபது, அடுத்தது நாற்பது, கடைசியில் அறுபது. ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் வரும் கணக்கு அது. அறுபதுக்கு மேல் குடைந்தால் சுவர் தாங்காது. டாக்சி ஸ்டாண்டில் ஒரு வண்டியைக் காட்டி, "இதுக்கு அறுபதாம் கல்யாணம் ஆயிடுச்சு" என்று சொன்னால், அடுத்த முகூர்த்தம் காயலாங்கடையில் என்று அர்த்தம்.

ஒவ்வொரு தடவை குடையும்போதும் இன்ஜினின் கொள்ளளவு கொஞ்சம் கூடும். டாக்சிக்காரருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பந்தயத்தில்தான் அது பொருட்டாகிறது.

விழுப்புரத்தில் ரைஸ்மில் வைத்திருந்த ஒருவர் சென்னையில் கார்ப் பந்தயம் பார்த்துவிட்டு வந்தார். வந்த வேகத்தில் மோட்டார் கிளப் ஒன்று தொடங்கி, அதற்குத் தலைவரும் ஆனார். நாங்களும் அவரைத் தலைவர் என்றே கூப்பிட்டோம். அவர் பெயர் மறந்துபோகும் அளவுக்குக் கூப்பிட்டோம். ஊருக்குத் தெற்கே, யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன விமான ஓடுபாதை ஒன்று சும்மா கிடந்தது. சும்மா என்றால் விமானம் வராது என்றுதான் அர்த்தம். அறுவடை முடிந்தால் முழுக்க மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயும். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஓரம் ஒதுக்கச் சொல்லி, எந்த மாற்றமும் செய்யாத சாதாரண அம்பாசிடர் கார்களுக்கு ஒரு பந்தயம் வைப்பது என்று முடிவாயிற்று. துல்லியமாக அளக்கும் கருவி அந்த வட்டாரத்தில் என்னிடம்தான் இருந்தது. அதனால் நான் சோதனை அதிகாரி. தகுதி அவ்வளவுதான்.

விதி எழுதும் கூட்டம் ரைஸ்மில் ஆபீசில் நடந்தது. சென்னைப் பந்தயத்தின் புத்தகத்திலிருந்து தலைவர் இரண்டு வரியைப் பொறுக்கி வைத்திருந்தார். இன்ஜின் ஆயிரத்தைந்நூறு சி.சி.யைத் தாண்டக் கூடாது. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும்.

"தலைவரே, கம்பெனியில இருந்து வந்தபடியே இருக்கிற இன்ஜினு நம்ம பக்கம் எத்தினி இருக்கும்னு நெனைக்கிறீங்க?" என்றேன். "ஒரு போரிங் அடிச்சாலே ஆயிரத்தைந்நூறத் தாண்டிப்புடும்."

"எவ்ளோ தாண்டும்?"

"பத்து சி.சி. அளவுக்கு."

"பத்துதானே! எவன் அளக்கப் போறான்?"

"நான்தாங்க. என்னைத்தானே அதுக்குப் போட்டிருக்கீங்க."

தலைவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "யாராவது புகார் குடுத்தா அளந்துக்கோ. முன்னாடியே எல்லாத்தையும் அளந்து தள்ளிட்டா ரேஸ்ல ஓடறது யாரு? நீயும் நானுமா?"

யாருமே நிறைவேற்ற முடியாத விதியை எழுதிவிட்டு, யாரும் கேட்காமல் இருந்தால் சரி என்று கிளம்புவது நம் துறையில் இன்றைக்கும் நடக்கிறது. உங்களிடம் அப்படி ஒரு விதி வந்தால், பந்தயத்துக்கு முன்னாலேயே சண்டை போடுங்கள். பின்னால் போடும் சண்டைக்குக் கூட்டம் அதிகம்.

பரிசு என்ன தெரியுமா? புத்தம் புது அம்பாசிடர் இன்ஜின். தலைவரின் மைத்துனர் சென்னைக்குப் போய் வாங்கி வந்தார். மரப்பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, ரைஸ்மில் வாசலில் வைத்தார்கள். பஸ்ஸில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் ஆரோக்கியம் என் பட்டறைக்கு வந்தார். திண்டிவனம் ஸ்டாண்டில் பழைய அம்பாசிடர் ஒன்றை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தவர். கூட்டேரிப்பட்டுப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பம். அவர்கள் தெருவில் சொந்தமாகக் கார் வாங்கிய முதல் ஆள் அவர்தான். ஸ்டாண்டில் பாதிப்பேர் டீசல் இன்ஜினுக்கு மாறிவிட்டார்கள். அவருக்கு அதற்கு வழியில்லை. பெட்ரோல் இன்ஜினையே தேயத் தேயக் குடைந்து, கடைசி போரிங்கையும் என்னிடமே அடித்துவிட்டுப் போயிருந்தார்.

"அண்ணே, ரேஸுக்குப் பேர் குடுத்துட்டேன்."

"உன் வண்டி அறுபதுல இருக்கு ஆரோக்கியம். ரூல் தெரியுமில்ல?"

"அறுபதுல இருக்கிறதாலதாண்ணே பேர் குடுத்தேன். புது இன்ஜினு வேற யாருக்கு வேணும்? எல்லாம் வேடிக்கைக்கு ஓட்ட வர்றவங்க. எனக்கு இன்னும் ஒரு வருசம் வண்டி ஓடினா அதிசயம்."

"புகார் வந்தா நான் அளப்பேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"அளந்துக்கோங்க. தேஞ்சதுக்கெல்லாமா புகார் குடுப்பாங்க?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மொத்தம் எட்டுக் கார்கள். அவற்றில் ஒன்று குமரவேலுடையது. பனமலைப் பக்கம் ஏரிப் பாசனத்தில் கரும்பும் நெல்லும் போடும் பெரிய குடும்பத்துப் பிள்ளை. அவருடைய காரின் சீட்டில் கம்பெனி ஒட்டிய பாலிதீன் உறைகூடக் கிழியவில்லை. இன்னொன்று திண்டிவனத்தில் பிரசவ ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டரம்மாவுடையது. மேல்சித்தாமூர்க்காரர். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கும் மட்டுமே ஓடிய கார் அது. "வேகமாப் போனா எப்படி இருக்கும்னு ஒரு தடவை பாத்துடலாம்னு வந்தேன்" என்றார். மற்ற ஐந்து பேரும் கிளப் உறுப்பினர்கள். அவர்கள் கார்களைப் பற்றி இப்போது சொல்லத் தேவையில்லை.

ஓடுபாதையின் இரண்டு முனையிலும் தார் டிரம் வைத்திருந்தோம். அதைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். நேர் பாதையில் குமரவேலின் புதுக் கார் பறந்தது. ஆனால் டிரம் வந்ததும் பிரேக்கை மிதித்து நின்று, யோசித்து, திரும்பினார். ஆரோக்கியத்தின் வண்டியில் பிரேக் என்பது ஒரு நம்பிக்கைதான். ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் வருஷக்கணக்காகப் போய்வந்த மனிதர், எங்கே காலை எடுத்தால் வண்டி எங்கே அடங்கும் என்ற கணக்கிலேயே வாழ்ந்தவர். மேலே கேரியரைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். ஒவ்வொரு டிரம்மிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, கடைசித் திருப்பத்தில் குமரவேலை உள்பக்கமாகத் தாண்டி, முதலாவதாக வந்து சேர்ந்தார். டாக்டரம்மா எல்லோருக்கும் பின்னால் வந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் இண்டிகேட்டர் போட்டவர் அவர் ஒருவர்தான்.

ஸ்டாண்டு டிரைவர்கள் ஆரோக்கியத்தைத் தோளில் தூக்கினார்கள். இறக்குவதற்குள் குமரவேல் என்னிடம் வந்துவிட்டார்.

"சார், நான் தோத்ததுக்காகச் சொல்லல."

புகார் கொடுப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் தொடங்குவார்கள். பழகிக்கொள்ளுங்கள்.

"ரூல்னு ஒண்ணு வச்சீங்க. நான் படிச்சுப் பாத்துட்டுதான் புது வண்டியோட வந்தேன். அந்த வண்டி ஆயிரத்தைந்நூறுக்கு மேல. அறுபது போரிங். அடிச்சதே நீங்கதான்னு சொல்றாங்க. ஆமாவா, இல்லியா? இங்கியே சொல்லுங்க."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அது உண்மையும்கூட. ஆனால் பட்டறைக்காரனாக எனக்குத் தெரிந்த ஒன்றை வைத்துச் சோதனை அதிகாரியாகத் தீர்ப்புச் சொன்னால், நாளைக்கு எனக்குத் தெரியாத ஒன்றை வைத்தும் சொல்லச் சொல்வார்கள். உங்கள் மனதில் இருப்பது சாட்சி இல்லை. கருவி காட்டுவதுதான் சாட்சி.

"அளந்துதான் சொல்வேன். நாளைக்குக் காலையில ரைஸ்மில் களத்துல ரெண்டு வண்டியையும் பிரிப்போம்" என்றேன்.

"ரெண்டா? என்னுது எதுக்கு சார்? ஷோரூம்ல இருந்து வந்து ஆறு மாசம் ஆகல."

"ரூல் ரெண்டு வரி தம்பி. நீங்க முதல் வரியப் படிச்சிருக்கீங்க. நான் ரெண்டாவதையும் படிக்கணும்."

டாக்சி டிரைவர்கள் சும்மா இருப்பார்களா? "ஏழ ஜெயிச்சா மட்டும்தான் அளவுகோலு வெளிய வருமா?" என்று ஒருவர் என் சட்டையைப் பிடிக்க வந்தார். இன்னொருவர் ஆரோக்கியத்தின் கார் முன்னால் படுத்துவிட்டார். ஆரோக்கியம்தான் அவர்களை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அண்ணே, ரேஸுக்குன்னா போரிங் அடிச்சேன்? வண்டி ஓடணும்னு அடிச்சேன். தேஞ்சது தப்பா?"

"தப்பில்ல ஆரோக்கியம். ஆனா அளவு கூட வந்தா கூடன்னுதான் சொல்லுவேன்."

அவர் சாவியை என் கையில் வைத்துவிட்டு, பஸ் ஏறப் போனார். சாலை வரை நடந்தபோது அவருக்கு யாரும் மாலை போடவில்லை.

மறுநாள் காலை ரைஸ்மில் களத்தில் நெல்லை ஒரு பக்கம் தள்ளி, இரண்டு கார்களையும் நிறுத்தினோம். விழுப்புரத்தில் பாதி ஊர் அங்கே இருந்தது. ஒருவர் போண்டாக் கடையே போட்டுவிட்டார்.

முதலில் ஆரோக்கியத்தின் இன்ஜினைத் திறந்தேன். நான்கு சிலிண்டரையும் அளந்தேன். நானே அடித்த அறுபது, நான் அடித்தபடியே இருந்தது. கொள்ளளவு ஆயிரத்தைந்நூற்று ஐம்பதைத் தொட்டது. அதைச் சத்தமாகச் சொன்னேன். இந்த மாதிரி நேரத்தில் முணுமுணுக்கக் கூடாது. முணுமுணுத்தால் இரக்கப்படுகிறீர்கள் என்று ஒரு கூட்டம் சொல்லும், பயப்படுகிறீர்கள் என்று இன்னொரு கூட்டம் சொல்லும். ஆரோக்கியம் தோள் துண்டை எடுத்துப் பிஸ்டன் மேல் விழுந்த தூசியைத் துடைத்தார்.

அடுத்தது குமரவேலின் கார். சிலிண்டர் கம்பெனி அளவு, மயிரிழை பிசகவில்லை. ஆனால் மேலே மூடும் ஹெட்டைத் திருப்பிப் பார்த்தபோது, அதன் அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னியது. மெஷினில் வைத்துச் சீவின தடம். ஹெட்டைச் சீவினால் உள்ளே இடம் குறையும், அழுத்தம் கூடும், வண்டி சீறும். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

"ஹெட்டச் சீவியிருக்கு" என்றேன்.

"கம்பெனியில இருந்தே அப்படித்தான் சார் வந்துச்சு" என்றார் குமரவேல். "இல்லன்னா எவ்ளோ கெட்டி இருக்கணும்னு சொல்லுங்க. அளந்துக்கலாம்."

நியாயமான கேள்வி. சிலிண்டர் அளவு எனக்கு மனப்பாடம். ஹெட்டின் கனத்தை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கம்பெனிக்கு எழுதிக் கேட்டால் பதில் வருவதற்குள் அடுத்த அறுவடை வந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு புது இன்ஜின் வேண்டும். சுற்றிப் பார்த்தேன். வாசலில் மாலையோடு ஒன்று உட்கார்ந்திருந்தது.

"தலைவரே, அந்தப் பெட்டியத் திறக்கலாங்களா?"

"பரிசையா? பரிசப் பிரிச்சா அது எப்புடிப்பா புதுசு?"

"ஹெட்ட மட்டும் எடுத்து அளந்துட்டு மூடிடுறேன்."

அவர் மைத்துனரைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்த மைத்துனர் அங்கே இல்லை. டீ கேன் மட்டும் இருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெட்டியை உடைத்து, ஹெட்டைக் கழற்றித் தூக்கினேன். உள்ளே எல்லாம் பளபளவென்று இருந்தது. நான்கு பிஸ்டன். ஒவ்வொன்றின் தலையிலும் மூன்று இலக்கம் அச்சடித்திருந்தது: 040.

"என்னாப்பா அது? மாடல் நம்பரா?" என்றார் தலைவர், எட்டிப் பார்த்து.

"இல்லீங்க தலைவரே. நாற்பது."

கிளப்காரர்களுக்குப் புரியவில்லை. ஸ்டாண்டு டிரைவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. இரண்டு தடவை குடைந்த பழைய இன்ஜினுக்குப் பெயின்ட் அடித்து, புதுசு என்று பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். மைத்துனர் ஏன் மறைந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் களம் முழுவதும் சிரித்தது. போண்டாக்காரர் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். ஆரோக்கியம் மட்டும் குனிந்து, அந்தச் சிலிண்டரின் சுவரை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் என்னை ஆபீசுக்குள் இழுத்துக்கொண்டு போனார். "பேஜாரு புடிச்ச வேலையாப் போச்சே! ஜல்தியா மூடிப்புடுப்பா. குமரவேலு ஜெயிச்சாருன்னு சொல்லி அவருகிட்டக் குடுத்துடுவோம். அவரு கழட்டியா பாக்கப் போறாரு?"

"அவரே வெளிய நின்னு பாத்துக்கினு இருக்காருங்க."

"அப்ப என்னாதான் பண்றது? மானம் போவுதேப்பா!"

"மானம் அந்தப் பெட்டியோட வெளிய போயிடுச்சு தலைவரே. நம்மகிட்ட மிச்சம் இருக்கிறது ரேஸ் ஒண்ணுதான். அதையாவது ஒழுங்கா முடிப்போம்."

நெருக்கடியில் உங்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெரும்பாலும் பயந்தவர்கள். அவர்களோடு தர்க்கம் பண்ணாதீர்கள். வெளியே கூட்டம் இருக்கும் இடத்துக்குத் திரும்பி வந்துவிடுங்கள். நான் வந்துவிட்டேன். தலைவரும் வேறு வழியில்லாமல் என் பின்னாலேயே வந்தார்.

ஆனாலும் ஹெட்டின் சரியான கனம் என்ன என்ற கேள்வி அப்படியேதான் நின்றது. குமரவேல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கூட்டத்தில் வேடிக்கை பார்க்கத் தன் காரிலேயே வந்திருந்த டாக்டரம்மா கண்ணில் பட்டார்.

"அம்மா, உங்க இன்ஜினை இதுவரைக்கும் யாராவது பிரிச்சிருக்காங்களா?"

"வாங்கினதிலேர்ந்து பானட்டையே ரெண்டு தடவைதாங்க தூக்கியிருக்கேன். தண்ணி ஊத்த."

"பிரிச்சு அளந்து பாக்கலாமா?"

"பொழுது சாயறதுக்குள்ள மூடித் தருவீங்களா? இருட்டினப்புறம் நான் சாப்பிட மாட்டேன். திண்டிவனம் போய்ச் சேரணும்." சமணக் குடும்பம். விளக்கு வைத்த பிறகு சாப்பாடு கிடையாது. தருகிறேன் என்றேன். அந்த நாள் முழுவதும் நான் கொடுத்த வாக்குகளில் யாரும் சந்தேகப்படாதது அது ஒன்றுதான்.

அவருடைய ஹெட்டையும் குமரவேலின் ஹெட்டையும் அக்கம்பக்கமாக வைத்தேன். அளக்கவே தேவைப்படவில்லை, கண்ணுக்கே தெரிந்தது. இருந்தாலும் அளந்தேன். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம். டாக்டரம்மாவின் சிலிண்டரும் கம்பெனி அளவிலேயே இருந்தது.

குமரவேல் வாதாடவில்லை. "பாண்டிச்சேரியில குடுத்துச் சீவினேன் சார்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "எல்லாரும் பண்றதுதானேன்னு சொன்னாங்க."

அடுத்து வந்த ஐந்து கிளப்காரர்களின் கார்களையும் அளக்கலாம் என்று கருவியை எடுத்துக்கொண்டு திரும்பினேன். "அளக்க வேணாங்க" என்று ஒருவர் கையைத் தூக்கினார். பிறகு வரிசையாக எல்லோரும் தூக்கினார்கள். எல்லாம் இருபது, நாற்பது. அதில் மூன்று நானே அடித்தது.

ஆக, முதல் பரிசு டாக்டரம்மாவுக்கு.

"நான் கடைசியாத்தானே வந்தேன்?" என்றார் அவர்.

"ஆமாம்மா."

"அப்புறம் எப்படிங்க?"

"உங்களுக்கு முன்னாடி வந்தவங்க யாருமே ஓடலன்னு ரூல் சொல்லுதும்மா."

தலைவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்த மாலையையே எடுத்து அவருக்குப் போட்டார். யாரோ கை தட்டினார்கள். சட்டப்படி எல்லாம் சரியாக முடிந்தது. விதியின்படி ஓடிய ஒரே கார், ஓடவே தெரியாத கார். அதற்குப் பரிசு, விதியின்படி தகுதியே இல்லாத ஓர் இன்ஜின். என் வாழ்க்கையில் நான் கொடுத்த தீர்ப்புகளில் ஒருவராலும் குறை சொல்ல முடியாத தீர்ப்பு அதுதான். யாருக்கும் சந்தோஷம் தராத தீர்ப்பும் அதுதான்.

நான் டாக்டரம்மாவின் ஹெட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தபோது, ஆரோக்கியம் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"டாக்டரம்மா, அந்த இன்ஜின என்னா பண்ணப் போறீங்க?"

"அதாங்க எனக்கும் தெரியல. ஆஸ்பத்திரியில அதை வைக்க இடமும் இல்ல."

"எனக்குக் குடுங்களேன். ஊரு சிரிக்குது. எனக்கு அது புது இன்ஜினுதாம்மா. நாப்பதுன்னா இன்னும் ஒரு போரிங் பாக்கி இருக்கு. செவுரு நல்லாருக்கு, தடவிப் பாத்துட்டேன்."

டாக்டரம்மா சும்மா தூக்கிக் கொடுக்கிறவர் இல்லை. அவரும் இவரும் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். கூட்டேரிப்பட்டு, மயிலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிரசவ வலி என்று யார் சொல்லி அனுப்பினாலும் ஆரோக்கியம் போய் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஒரு வருஷத்துக்கு. ஆரோக்கியம் உடனே ஒப்புக்கொண்டார். "சவாரி கெடச்ச மாதிரியும் ஆச்சு" என்றார் என்னிடம். சாவியை வாங்கும்போது என் கையை ஒரு நொடி பிடித்திருந்தார். அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். அளந்தவனை அளக்கப்பட்டவர் மன்னிக்க வேண்டியதில்லை என்று விதிப்படி சொல்லலாம். நீங்கள் அப்படிச் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள்.

பந்தயம் முடிந்த மாதமே கிளப் கூடியது. இந்தத் தடவை நல்ல மனதோடு கூடினார்கள். தேய்ந்த வண்டிக்காரர் ஒருவர் ஜெயித்தும் தோற்றது எல்லோருக்கும் உறுத்தியிருந்தது. "போரிங் அடிச்ச வண்டியும் ஓடலாம், அறுபது வரைக்கும் அனுமதி" என்று புது விதி வந்தது. முன்மொழிந்தவர் தலைவர். நானும் மனதார ஆதரித்துப் பேசினேன். ஏழைக்கு இடம் கொடுக்கிற விதி என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. எல்லோருக்கும் முன்னதாகக் கையைத் தூக்கியவர் குமரவேல். அவரும் திருந்திவிட்டார் என்று நினைத்தேன்.

புது விதி ஒன்று வந்தால் அது யாருக்கு உதவும் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அதைப் படித்துவிட்டு யார் முதலில் உங்கள் கதவைத் தட்டுவார் என்றும் கேளுங்கள். இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. குமரவேல்தான் நேரில் வந்து காட்டினார்.

ஆரோக்கியம் அந்த நாற்பது இன்ஜினை என் பட்டறையில் வைத்து, தன் வண்டியில் மாட்டுவதற்குத் தயார் பண்ணிக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு டிராக்டர் டிரெய்லர் வந்து நின்றது. அதில் குமரவேலின் கார் இன்ஜின் பிளாக், தனியாக, சாக்கு விரித்து வைத்திருந்தார்கள். அவரும் பின்னாலேயே பைக்கில் வந்து இறங்கினார்.

"என்ன தம்பி, இதுக்குள்ள தேஞ்சிடுச்சா?"

"தேயல சார். கம்பெனி அளவுலதான் இருக்கு. அறுபது அடிச்சுக் குடுங்க."

"புது பிளாக்கையா? நேரா அறுபதா? இதுல இன்னும் பதினஞ்சு வருசத்து ஓட்டம் இருக்கு தம்பி. அத்தனையும் தூளாப் போயிடும்."

"ரூல்ல இடம் இருக்கில்ல சார்? ஆரோக்கியத்துக்கு ஆயிரத்தைந்நூத்தம்பதுன்னா, எனக்கு மட்டும் கம்மியா இருக்கலாமா?"

அவர் குதர்க்கமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே நியாயம் கேட்டார். இன்ஜின் பெரிதாக இருந்ததால்தான் ஆரோக்கியம் ஜெயித்தார் என்று அவர் இன்னும் நம்பிக்கொண்டிருந்தார். பிரேக்கை நம்பாமல் ஓட்டுகிற வித்தையை யாரும் அவருக்கு விற்கவில்லை. விற்றிருந்தால் வாங்கியிருப்பார்.

நான் ஆரோக்கியத்தைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். டிரெய்லரிலிருந்த பிளாக்கின் புதுச் சிலிண்டருக்குள் எட்டிப் பார்த்தார்.

"சார், அந்தத் தேய்மானத்தச் சம்பாதிக்க எனக்குப் பதினோரு வருசம் ஆச்சு" என்றார் மெதுவாக. "நீங்க சாயங்காலத்துக்குள்ள வாங்கிக்கினு போயிடுவீங்க போலிருக்கே."

குமரவேல் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தார். "அடிக்கலாமா வேணாமா, சொல்லுங்க தம்பி" என்று நான் இன்னொரு தடவை கேட்டேன்.

"அடிங்க சார்."

விதியில் இடம் இருந்தது. மெஷினைப் போட்டேன்.